இரண்டு மொழியிலும் இட்வல் பென்ரி

நடிகர் ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் இட்வல் பென்ரியைப் பற்றி இப்படி இருந்தது: தோற்ற வயது ஐம்பது முதல் அறுபது. உயரம் ஆறடி. தாய்மொழி வெல்ஷ், ஆங்கிலமும் அதே சரளம். சிறப்புத் திறன்கள்: குதிரையேற்றம், கடல் நீச்சல், ஒரே இரவில் வசனம் மனப்பாடம்.

நான் அவரோடு வேலை செய்த அந்த மார்ச் மாதம் அவருக்கு அறுபத்தொன்பது. ஆறடி அவர் எந்த வயதிலும் இருந்ததில்லை. குதிரை, ஒரு விளம்பரப் படத்துக்காக இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் விழுந்ததோடு சரி. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இவையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே பொய் என்பதால் அவரை உறுத்தவில்லை. மனப்பாடம் மட்டும் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. உறுத்தியது அதுதான்.

வேல்ஸின் லனெல்லி ஊரில் பேருந்து ஓட்டுநரின் மகன். இரண்டு வருடம் புவியியல் வாத்தியார், முப்பத்தெட்டு வருடம் நடிகர். கதாநாயகன் வேடம் ஒன்றுகூட இல்லை. பாதிரியார், கால்நடை மருத்துவர், யாராவது ஒருவருடைய சித்தப்பா; நடுவில் பதினோரு முறை கொலையுண்டார். வேல்ஸில் நடிகர் கூட்டம் சின்னது. போன வருடம் பிணமாகக் கிடந்தவர் இந்த வருடம் போலீஸாக விசாரணைக்கு வருவார். பார்ப்பவர்களும் பெருந்தன்மையாக விட்டுவிடுவார்கள். கடையில் வெண்ணெய் எடுக்கும்போதுதான் பிடித்துக்கொள்வார்கள்.

"நீங்க அந்த ஆத்துல மெதந்தவருதானே?"

"ஆமாம்மா."

"டிவில இன்னும் கொஞ்சம் குண்டா தெரிஞ்சீங்க."

"தண்ணில ஊறினா அப்படித்தான்."

எங்கள் துப்பறியும் டிவி தொடரை இரண்டு முறை எடுப்போம். ஒவ்வொரு காட்சியும் காலையில் வெல்ஷில், மதியம் ஆங்கிலத்தில். அதே நடிகர்கள், அதே சட்டை, அதே மழை. கையும் பாத்திரமும் மட்டும் தெரிகிற ஷாட்களை ஒரே ஒரு முறை எடுத்து இரண்டிலும் சேர்ப்பார்கள். ஆகவே காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒரு ரொட்டித் துணுக்கு இடம் மாறினாலும் குற்றம். மாறாமல் பார்த்துக்கொள்வது, அதாவது கன்டின்யூட்டி, என் வேலை.

ஒவ்வொரு வசனத்தையும் இரண்டாக மனதில் வைக்க வேண்டிய அந்தத் தொழிலில், இட்வலுக்கு ஒன்றும் தங்காமல் போய் ஒரு வருடமாகியிருந்தது. வீட்டில் முழுசாகச் சொல்வார். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் பாதி போய்விடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கார்டிஃபில் நடிகரான அவருடைய நண்பர் ஒருவர், தனக்கும் இப்படித்தான் என்று சொல்லிப் பார்த்தார். எல்லோரும் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

இப்போது இட்வலுக்கு விவசாயி வேடம். தம்பியின் டிராக்டர் சாணிக் குழிக்குள் எப்படிப் போனது என்று, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி, மூன்று பக்கம் தனியாகப் பேச வேண்டும். அது சரியாக வந்தால் அடுத்த சீசனிலும் அந்த விவசாயி உண்டு. வராவிட்டால் விவசாயியும் இல்லை, அநேகமாக இட்வலும் இல்லை.

ட்ரெகாரன் என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டின் சமையலறை. காலையில் வெல்ஷ் டேக் அருமையாகப் போனது. பேசும்போது அவர் தலை அவ்வப்போது எதிரே இருந்த மூன்று தட்டுகளின் பக்கம் தாழ்ந்தது. துக்கம் என்று நினைத்து நானும் அப்படியே குறித்துக்கொண்டேன். டைரக்டர் ஏட்ரியன் இங்கிலாந்தில் பிரிஸ்டல்காரர், வெல்ஷில் காலை வணக்கத்தைத் தாண்டமாட்டார். "ஒரு வார்த்தை புரியல, ஆனா அழுகை வந்துடுச்சு," என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் வெளியே வண்டியருகே நின்று ஆட்டுக்கறி சூப்பு குடித்தோம். இட்வல் மட்டும் உள்ளே போய், தட்டுகளின் விளிம்பில் தான் பென்சிலால் எழுதியிருந்த வெல்ஷ் குறிப்புகளைக் கைக்குட்டையால் அழித்துவிட்டு, ஆங்கிலக் குறிப்புகளை எழுதினார். அவசரத்தில் அழித்ததில் விளிம்பெல்லாம் கருப்பாக ஈஷிக்கொண்டது. அவர் வெளியே வந்ததும் செட் சாமான்களுக்குப் பொறுப்பான நெரிஸ் உள்ளே போனாள். பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள். அழுக்கைக் கண்டாள், கேமராவில் தெரிந்துவிடுமே என்று பதறினாள், சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள்; அந்தப் பதற்றத்தில் தட்டிலிருந்த ரொட்டித் துணுக்குகளை மறந்தாள்.

மதியம் இட்வல் முதல் வரியைச் சொன்னார். தட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தார்.

"கட். பரவால்ல, நிதானமா எடுத்துக்கோங்க," என்றார் ஏட்ரியன்.

இரண்டாவது டேக்கிலும் ஒரு வரிதான். மூன்றாவதில் அதுவும் வரவில்லை. அவருடைய மேலுதட்டில் வேர்வை. மேக்கப் பெண் ஒற்றிவிட்டுப் போனதும் திரும்பப் பொடித்தது.

ஏட்ரியன் மானிட்டரை விட்டு எழுந்தார். "ஏதோ மாறியிருக்கு. அதான் அவருக்குப் பிடிபடல. காலைல எடுத்த போட்டோவைப் பாரு."

பார்த்தேன். காலைத் தட்டுகளில் துணுக்குகள் இருந்தன, விளிம்பில் மெல்லிய கோடுகளும் இருந்தன. மேசைமேல் இருந்தவை பளபளத்தன. பார்த்ததைச் சொன்னேன். சொல்வதற்குத்தானே சம்பளம்.

"யாரு தொட்டது?"

"நான்தான் கழுவினேன்," என்றாள் நெரிஸ். "அழுக்கா இருந்துச்சு."

"யாரையும் கேக்காமயா? காலைல எடுத்தது மொத்தமும் வீண். ஒரு நல்ல நடிகரைக் குழப்பி விட்டுட்ட. நாளைலருந்து உன் இடத்துல வேற ஆளைப் போடச் சொல்றேன்."

நாற்பது பேர் தரையைப் பார்த்தார்கள். நெரிஸ் கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள். இட்வல் பேசாமல் இருந்தால் போதும். நல்ல நடிகர், பாவம், குழப்பிவிட்டார்கள் என்றே அந்த மதியம் முடிந்திருக்கும்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். வெல்ஷில் பேசினார்: "அவ மேல தப்பில்ல. தட்டுல எழுதினது நான். ஒரு வருஷமா எனக்கு வசனம் நிக்கிறதில்ல."

பாதிப் பேருக்குப் புரிந்தது. யாரும் நிமிரவில்லை.

"என்ன சொல்றார்?" என்றார் ஏட்ரியன்.

நெரிஸ் முந்திக்கொண்டாள். ஆங்கிலத்தில், "தலை சுத்துதாம். காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல போல," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், வெல்ஷில்: "உக்காருங்க இட்வல். எனக்கு வேற வேலை கெடைக்கும். உங்களுக்குக் கெடைக்காது."

அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. அவர் உட்காரவில்லை. ஏட்ரியனைப் பார்த்து, அதே மூன்று வாக்கியங்களை, ஒரு சொல்லும் விடாமல், ஆங்கிலத்தில் சொன்னார்.