மால்டாவுக்குப் பெயர் கொடுத்தவர்கள்

எங்கள் சித்தப்பாவுக்கு எதையும் சின்னதாக யோசிக்கத் தெரியாது. அரவேணுவுக்குக் கீழே இருந்த எங்கள் எஸ்டேட்டில் மற்றவர்கள் லாரி பிடித்து ஊட்டிக்குப் போய்வரலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, அவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பதினோரு குடும்பங்களையும் மால்டா தீவுக்குக் கூட்டிப்போவதாக அறிவித்தார்.

ஆசையைக் கிளப்பிவிட்டவர், மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு வரும் வெள்ளைக்காரச் சாமியார். மால்டா அவர் பிறந்த ஊர். கடல் நடுவே தேன் நிறக் கல்லில் கோட்டை, எந்த ராஜா கட்டினான் என்றே தெரியாத பழைய கோயில்கள் என்று அவர் தன் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் இருமலை மறந்து கேட்போம். ஒருநாள் போகிற போக்கில், "எல்லாரும் ஒருமுறை வாங்க" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வரும்போது குடும்பத்துக்கு ஒரு பாஸ்போர்ட் கொடுத்திருந்தார்கள். "இந்த மலையில பாஸ்போர்ட்டு வச்சிருக்கிற லயம் நம்ம லயந்தான். தொரைகிட்டகூட இருக்குமோ என்னமோ! தீவு நமக்குப் புதுசா? கப்பலு புதுசா?" என்றார். ஒரு கடலைத் தாண்டிய பாஸ்போர்ட் எந்தக் கடலையும் தாண்டும் என்று லயமே நம்பியது.

ஞாயிறுதோறும் பிரட்டு நடந்தது. எஸ்டேட்டில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதே பிரட்டுதான். சித்தப்பா குழாயடியில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். ரொட்டிக்கு மாவு யார், அண்டா யார், சாமியாரின் அம்மாவுக்குத் தேயிலை யார் என்று பிரித்தாயிற்று. ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒருவர் அடம்பிடிக்க, ஆடும் பட்டியலில் ஏறியது.

தன் பெயரைக் கூப்பிட்டதும் பெரியம்மா வாராவாரம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"தம்பி, கப்பலு கொழும்புல நிக்குமா?"

"நிக்காமயா? தண்ணி புடிக்கணும்ல அண்ணி!"

பெரியம்மாவின் மூத்த மகள் இலங்கையிலேயே இருந்தாள். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு ஆள் பிரித்தபோது அவள் புருஷன் குடும்பம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அவளுக்குக் குழந்தை பிறந்த சேதி கடிதத்தில்தான் வந்தது. பெரியம்மா அதற்கொரு கம்பளிச் சட்டை பின்னி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என் மனசு முழுக்க அந்தக் கோட்டையில் இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் படித்ததால் வழி கண்டுபிடிக்கும் உத்தியோகம் எனக்கு. டீச்சரிடம் கெஞ்சி அட்லஸ் வாங்கி வந்தேன். அடுத்த பிரட்டில் அதை விரித்து, கொச்சியிலிருந்து செங்கடல் வழியாகக் கடுகளவு மால்டா வரைக்கும் பென்சிலால் கோடு போட்டேன்.

"இப்பிடி மேற்கால நேராப் போயிறலாம். கொழும்புப் பக்கமே போக வேணாம். ரெண்டு நாளு மிச்சம்!"

யாரும் கைதட்டவில்லை. சித்தப்பா அட்லஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய பொஸ்தகமா இருக்கும்" என்றார். அடுத்த ஞாயிறு குழாயடிக்கு வந்தது அவரும் நானும் ஆடும்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெரியவர்களுக்கு எதையும் முடிக்கத் துப்பில்லை என்று தீர்மானித்தேன்.

அன்று சாயங்காலம் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்தப் பென்சில் கோட்டை, கொழும்பு வழியாக் கொஞ்சம் வளைச்சுப் போட ஏலாதா?"

"அது சுத்து வழி பெரியம்மா. டீச்சர் தப்புன்னு சொல்லுவாங்க."

பெரியம்மா சிரித்துவிட்டார். "அதுவுஞ் சரிதான்" என்று என் கையில் ஒரு ரொட்டியை வைத்தார். சரியான விடை சொல்லிவிட்ட பெருமையோடு அதைத் தின்றுகொண்டே விளையாட ஓடினேன். மால்டாவுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் கொழும்பில் இறங்கிக்கொள்ளத்தான் கொடுத்தார்கள் என்பது புரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அழிக்கிற ரப்பர் என் பையில்தான் இருந்தது.