தலைக்கட்டில் சேராதவர்

தான்சானியாவில் இருந்தபோது உத்திராபதி ஒரு குடும்பமாக எண்ணப்பட்டார். சொந்த ஊருக்குத் திரும்பி வந்ததும் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டார். நடந்தது இவ்வளவுதான். அறுபதைத் தாண்டிய வயதில் இப்படி ஒரு விஷயம் தனக்குச் சோறு இறங்காமல் செய்யும் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

ஊர் பூவம் கிராமத்தை ஒட்டி, நண்டலாற்றுக்குத் தெற்கே இருக்கிறது. ஆற்றுக்கு இந்தக் கரை காரைக்கால், அந்தக் கரை தமிழ்நாடு. கீழத்தெருவில் உள்ள பூர்வீக ஓட்டு வீடு அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நடுச்சுவர் வைத்து இரண்டாகிவிட்டது. வடக்குப் பாதி, செத்துப்போன அண்ணனின் மகன் நவநீதனுக்கு. அவன் மனைவி மக்களோடு கனடாவில் இருக்கிறான், அதனால் அந்தப் பாதிக்குப் பூட்டு. தெற்குப் பாதியில் உத்திராபதி ஒரு மின்விசிறி, ஒரு குக்கர், ஒரு நாற்காலியோடு இருக்கிறார். இன்னொரு நாற்காலி வாங்கலாம்தான், யார் உட்கார என்று விட்டுவிட்டார்.

தான்சானியாவின் டொடோமா நகரத்தில் ஒரு தனியார் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போனவர், கால் நூற்றாண்டு அங்கேயே ஓட்டிவிட்டார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. தங்கைகளுக்கு முதலில் முடியட்டும் என்றார்கள், முடிந்தது. அப்புறம் அப்பா படுத்த படுக்கையானார். அதற்கப்புறம் லீவில் வரும்போதெல்லாம் பெண் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே லீவு முடிந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வாழ்க்கை பலருக்கு இப்படித்தான் கைநழுவுகிறது, சத்தமே கேட்பதில்லை.

வகுப்பில் புள்ளியியலும் அவர் பாடம். அந்த நாட்டின் மக்களை வயதுவாரியாகப் பிரித்துக் கரும்பலகையில் படம் போடுவார். கைக்குழந்தைகள் அடிவரிசை, கிழவர்கள் உச்சி. போட்டு முடித்தால் அறுவடை முடிந்த களத்தில் நிற்கும் வைக்கோல் போர் மாதிரி அடி பருத்து நுனி கூராக வரும். ஆறு கோடியைத் தாண்டிய ஜனம், அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் பதினைந்து வயதைத் தொடாதவர்கள். இது புத்தகத்தில் மட்டும் இருக்கிற சங்கதி இல்லை. பள்ளி விடும் நேரத்தில் கடைக்குப் போய் அரைப் படி அரிசி வாங்கிவர முடியாது, தெரு முழுக்கப் பிள்ளைகளாக இருக்கும். அங்கேயும் அவர் தனி ஆள்தான். ஆனால் உட்கார்ந்து அதை நினைத்துப் பார்க்க அந்தப் பிள்ளைகள் இடம் கொடுக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள், பொழுது போகாமல், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீழத்தெருவுக்கும் அதே படத்தைப் போட்டுப் பார்த்தார். வைக்கோல் போர் தலைகீழாக நின்றது. அடிவரிசையில் அங்கன்வாடிக்குப் போகும் இரண்டு குழந்தைகள், உச்சியில் முழங்கால் வலிக்காரர்கள் ஏகப்பட்ட பேர், நடுவில் யாருமே இல்லை. நடுவில் இருக்க வேண்டியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்தார்கள். தாளை மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டார்.

தான்சானியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கு எடுத்த வருடம் அவர் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவள் நீமா, அவரிடம் படித்த பெண். கையில் டேப்லெட்டோடு வாசலில் நின்று, எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டாள்.

"வாத்தியாரே, நேற்று இரவு இந்த வீட்டில் தூங்கியவர்கள் யார் யார்?"

"நான் மட்டும்தான்."

"அப்படியானால் குடும்பத் தலைவர் நீங்கள்."

குடும்பமே இல்லாதவனுக்கு எதற்குத் தலைவர் பட்டம் என்று அவர் சிரித்தார். நீமா சிரிக்கவில்லை. ஓர் ஆள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டாலும் அது ஒரு குடும்பம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே என்று கேட்டுவிட்டு, அவர் பெயரைத் தட்டிக்கொண்டு போனாள். எதிர்வீட்டுக்காரர் முந்தின இரவு தார் எஸ் சலாம் நகரத்தில் இருந்தார், அதனால் சொந்த வீட்டுக் கணக்கில் அவர் பெயர் ஏறவில்லை. அந்த ராத்திரி எங்கே தூங்கினாரோ அங்கே ஏறும். வெளிநாட்டுக்காரர் உத்திராபதி ஏறினார். அன்று அது அவருக்கு ஒரு வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது.

சொந்த ஊரின் கணக்கு வேறு மாதிரி. இங்கே எண்ணுவது தலைக்கட்டை. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தாலி கட்டிய நாளிலிருந்து அவன் பெயர் செல்லியம்மன் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப்படும், அவன் வாசலில் அம்மன் நின்று தீபாராதனை வாங்கிக்கொண்டு போகும். கல்யாணமாகாதவன் அப்பாவின் கணக்கில் அடக்கம், அப்பா போனால் அண்ணன் கணக்கில். அண்ணனும் போய்விட்டால் என்ன என்று ஊர் யோசித்ததில்லை. யோசிக்கிற அவசியம் அதுவரை யாரும் வைக்கவில்லை.

ஊருக்கு வந்த முதல் திருவிழாவில் உத்திராபதி குளித்து, வேட்டி கட்டி, தட்டில் தேங்காய் பழம் வைத்து வாசலில் நின்றார். அம்மன் நவநீதனின் பூட்டிய பாதிக்கு முன்னால் நின்றது. அவருடைய பாதியைத் தாண்டிப் போய்விட்டது. மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அந்தத் தேங்காயைச் சட்னி அரைக்க அவருக்கு மனசு வரவில்லை.

இந்த வருடம் ஊர்க்கூட்டத்துக்கே போய் உட்கார்ந்தார். நாட்டாமை சோமசேகரன் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். தலைக்கட்டுகளின் பெயரை வாசிக்க, கூட்டத்தில் ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பெயர் வரும்போது பங்காளி யாராவது "இருக்கான்" என்று குரல் கொடுத்தார்கள். நவநீதன் பெயருக்கும் யாரோ இருக்கான் என்றார்கள். வாசித்து முடித்ததும் உத்திராபதி எழுந்தார்.

"எம் பேரு வரலியே."

ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இன்னொருவர் செருமினார். சோமசேகரன்தான் பேசினார். "உனக்குத் தெரியாததா உத்திராபதி. கட்டுனவனத்தானே தலைக்கட்டுல சேக்கறது. நாளைக்கு வீட்டுக்கு வரேன், பேசிக்கலாம்."

சொன்னபடி மறுநாள் காலையில் வந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு உத்திராபதி நின்றுகொண்டார்.

"ஊர்ல என்னா பேசிக்கிறாங்க தெரியுமா? அங்க உனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குங்கிறாங்க. ஒரு புள்ளைக்குச் சுருட்ட முடின்னுகூடச் சொல்றாங்க."

"யாருப்பா சொல்றது?"

"யாரு சொன்னா என்னா? இருந்துட்டுப் போவட்டுங்கிறேன். ஆமா, கட்டியிருக்கேன், அவ அங்கயே இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லிடு. இந்த வருசமே பேரச் சேத்துடறேன். தான்சானியாவுக்குப் போயி யாரு பாக்கப் போறா?"

சோமசேகரன் கெட்ட மனிதர் இல்லை. வழக்கத்தையும் விடாமல் சிநேகிதனையும் விடாமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். சாயங்காலம் வந்து பதில் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பகல் முழுவதும் உத்திராபதிக்கு ஒரு மனைவி இருந்தாள். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். கூட்டத்தில் கேட்டால் சொல்ல ஒரு பெயர் வேண்டுமே என்று யோசிக்க ஆரம்பித்தார். பெயர் கிடைத்ததும் முகம் வந்தது. சாதத்துக்கு அரிசி களையும்போது, அவள் அரிசி எப்படிக் களைவாள் என்று யோசித்தார். சுருட்டை முடிப் பிள்ளைக்கு என்ன வயது வைப்பது என்று கணக்குப் போட்டார். சாப்பிட உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தவர், வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைக் கேட்டார். காலையில் இருந்ததைவிட இப்போது வீடு காலியாக இருந்தது. தட்டில் கை வைத்தபடியே அழுதார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

சாயங்காலம் சோமசேகரனிடம் சொன்னார், "வேணாம்ப்பா. இல்லாதவளுக்காகச் சாமி வந்து நின்னா எனக்கு நின்ன மாதிரி ஆவாது."

"பெரிய அரிச்சந்திரன்," என்றார் சோமசேகரன். கோபம் பாதி, வருத்தம் பாதி. "சரி, இதயாவது செய்யி. பூட்டுன வீட்டுக்கெல்லாம் தட்டு எடுக்க ஆளில்ல. போன வருசம் நானே ஒவ்வொரு வாசலுக்கா ஓடி நாக்குத் தள்ளிடுச்சி. உங்க தெருவுல இருக்கற பூட்டுன வீட்டுக்கெல்லாம் நீ நில்லு."

அவர் சரி என்றார். வேறு என்ன சொல்வது.

அம்மனை முன்பெல்லாம் தோளில் தூக்கி வருவார்கள். தோள் கொடுக்க ஆளில்லாமல் சில வருடமாக டிராக்டர்தான். தென்னங்குருத்தும் சீரியல் பல்புமாக டிரெய்லரை ஜோடித்து அதில் அம்மனை உட்கார வைப்பார்கள். ஓட்டுகிற உள்ளூர்க்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன், அதனால் இந்தமுறை ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கையன் என்பவரை வரவழைத்திருந்தார்கள். அவருக்கு இந்த ஊரின் வீடு வாசல் தெரியாது. சோமசேகரன் முன்னால் நடந்து கையைக் காட்டுவார், தங்கையன் நிறுத்துவார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர்வலம் கீழத்தெருவுக்குள் வந்தது. உத்திராபதி பூட்டிய வீடுகளின் வாசலில் மாறி மாறித் தட்டோடு நின்றார். பூசாரி சுப்ராயன் ஒவ்வொரு வாசலிலும் "யாரு பேருக்கு?" என்று கேட்டார். உத்திராபதி சிங்கப்பூர்க்காரன் பெயரைச் சொன்னார், சென்னைக்காரன் பெயரைச் சொன்னார், அவர்கள் நட்சத்திரத்தைச் சொன்னார். அவர்களுடைய திருநீற்றை வாங்கித் தன் நெற்றியில் பூசிக்கொண்டார்.

நவநீதனின் பாதிக்கு வந்தபோது சோமசேகரன் செல்போனை எடுத்து வீடியோ கால் போட்டார். கனடாவில் காலை நேரம். நவநீதன் பனியனோடு கையில் காபி டம்ளருடன் தெரிந்தான்.

"சித்தப்பா, நல்லாருக்கீங்களா? வெளிச்சம் பத்தல, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மன் மொகம் மறைக்குது."

உத்திராபதி தள்ளி நின்றார். சுப்ராயன் தேங்காயை உடைத்தார், உள்ளே அழுகல். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சோமசேகரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வேற காய் இருந்தா எடுத்தாயேன்," என்றார். இருந்தது. காலையிலேயே காரைக்கால் மார்க்கெட்டுக்குப் போய்த் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கி, மஞ்சள் பூசி, தன் பூஜை அலமாரியில் வைத்திருந்தார். எதற்கு என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. ஓடிப்போய் அதை எடுத்துவந்து கொடுத்தார். வெள்ளை வெளேரென்று உடைந்தது. நவநீதன் கனடாவிலிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தீபாராதனை முடிந்தும் அவன் பேச்சை விடவில்லை, பிள்ளைகளைக் கூப்பிட்டு அம்மனைக் காட்டிக்கொண்டிருந்தான். சோமசேகரன் போனை உயர்த்திப் பிடித்தபடி அங்கேயே நின்றார். உத்திராபதி வெறும் தட்டோடு தன் வாசலுக்குத் திரும்பினார். டிராக்டர் கிளம்பியது. அவர் உள்ளே போகத் திரும்பும்போது சத்தம் அடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் செல்லியம்மன் நேர் எதிரே நின்றிருந்தது.

"ஏய், அங்க ஏன் நிறுத்துற?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

தங்கையன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி திரும்பினார். "நிறுத்தக்கூடாதுங்களா? வெளக்கு எரியுது. ஆளு நிக்கிறாரு. அதான் நிறுத்துனேன்."

சோமசேகரன் வேகமாக வந்தார். வண்டியை எடு என்று சொல்லக் கையைத் தூக்கினார். உத்திராபதியின் கையிலிருந்த வெறும் தட்டைப் பார்த்தார். தூக்கிய கையை மெல்ல இறக்கி, போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுப்ராயனுக்கு இந்த வம்பெல்லாம் காதில் விழவில்லை. அவர் வழக்கம்போல மணியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"யாரு பேருக்கு?"

உத்திராபதிக்குச் சட்டென்று வரவில்லை. சாயங்காலத்திலிருந்து சொன்ன பெயர்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன.

"பேரு சொல்லுங்க சார். வீட்டுல எத்தினி பேரு?"

"உத்திராபதி. சதயம். நான் ஒருத்தன்தாங்க." தேங்காய் இல்லாத தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பூசாரி கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: "நேத்து ராத்திரி இங்க தூங்குனது நான் மட்டும்தான்."

அதை ஏன் சொல்கிறார் என்று சுப்ராயனுக்குப் புரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தினார்.