சக்கரத்துக்கு வேண்டிய வெயில்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் துடைத்து அடுக்குவது அவள் வேலை. விளிம்பு உடைந்து விலைபோகாமல் கிடந்த ஒரு பெரிய பூதக்கண்ணாடியை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்த பிறகுதான், விடுமுறை நாட்களில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் புகை கிளம்பத் தொடங்கியது. வெயிலை ஊசிமுனையாகக் குவித்துப் பலகையில் படம் சுட்டாள். காலை இளவெயிலில் வெளிர்கோடுகள், உச்சிவெயிலில் கறுப்பு. இந்த முறையை அவள் மாற்றியதே இல்லை.

வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கறுப்புக் காலுறைக்குள் போட்டுவிடுவாள். ஒருமுறை மறந்து ஜன்னலோரம் வைத்ததில், கொடியில் தொங்கிய கணவரின் சீருடைச் சட்டைப்பை பொசுங்கிப்போனது. அவர் பஸ் டிரைவர். "என் பையில ஓட்டை போட இவ ஒருத்தி போதாதா, சூரியன் வேற கூட்டு!" என்று டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அவர் ஓய்வுபெறும் நாளில் டிரைவர்கள் அறையில் மாட்ட, அவர் ஓட்டிய பஸ்ஸைச் சுட்டுத் தருவதாக அவளே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். சுவரில் ஆணியும் அடித்தாகிவிட்டது. படிக்கட்டு, கம்பிகள், ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் எல்லாம் பலகைக்கு வந்துவிட்டன. நல்ல கறுப்பு வேண்டுமென்று சக்கரங்களை மட்டும் கடைசிக்கு விட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மூட்டம் போட்டது. வாரம் முழுக்க வானம் முகம் கொடுக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. எலக்ட்ரீஷியனான கொழுந்தன், ஈயம் பற்றவைக்கும் கம்பியோடு காலையிலேயே வந்து நின்றான்.

"அண்ணி, சக்கரம் இல்லாம மாட்டினா, அண்ணன் இத்தனை வருஷமும் நின்ன இடத்துலயே ஓட்டினார்னு சொல்வாங்க. இதுல ரெண்டு வட்டம் இழுத்துடட்டுமா? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் தம்பி. இவ்வளவும் வெயில் போட்ட கோடு. சக்கரம் மட்டும் கரண்ட்ல ஓடணுமா?"

"அப்ப தள்ளிக்கிட்டுத்தான் போகணும்!"

பிற்பகலில் டிப்போவில் மேலாளர் பாராட்டிப் பேசிக்கொண்டிருக்கையில், வாசலில் பளிச்சென்று ஒரு வெளிச்சத் துண்டு விழுந்தது. அவள் பலகையையும் பூதக்கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மேலாளரின் பேச்சு அந்தரத்தில் நின்றது. முற்றம் அடைக்க வண்டிகள். வெயில் விழுந்த இடம் ஒன்றே ஒன்றுதான். பழைய டயர் ஒன்றில் பலகையைச் சாய்த்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முன்சக்கரம் கறுத்து எழுந்தது. பின்சக்கரம் பாதி வந்தபோது ஒளிப்புள்ளி செத்துப்போனது. நிமிர்ந்தாள். மேகமில்லை. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் நிழல் நகர்ந்து வந்து பலகைமேல் ஏறியிருந்தது. அவர் ஓட்டிய அதே பஸ்.

"என்னங்க! உங்க வண்டி மறைக்குது!"

"சாவியைத்தான் காலையிலேயே ஒப்படைச்சிட்டேனே!"

மேலாளர் சாவியை நீட்டினார். கணவர் ஏறி உட்கார்ந்தார். பழக்கம் விடாத அவருடைய கண்டக்டர் வண்டியின் பக்கவாட்டில் தட்டினார். "வரலாம், வரலாம்... இன்னும் கொஞ்சம்... போதும்!"

நிழல் விலகியது. புள்ளி கண் திறந்தது. புகை மேலே எழும்பியது.

படம் ஆணியில் ஏறும்போதும் பின்சக்கரம் சூடு ஆறவில்லை. கொழுந்தன் அதைத் தொட்டுப் பார்த்து விரலை உதறிக்கொண்டான்.

"யப்பா! வண்டி இப்பத்தான் ஓடி வந்திருக்குது அண்ணி!"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்து, அறையே அதிர ஊதினார்.