கரையில் நின்ற இரண்டு குளோரின்

நேற்று மகள் வேதியியல் புத்தகத்தோடு வந்தாள். சதுர பிராக்கெட்டுக்குள் கோபால்ட், ஐந்து அம்மோனியா, ஒரு குளோரின். வெளியே இரண்டு குளோரின். “இதுல கோபால்ட்டோட ஆக்சிஜனேற்ற எண் என்னப்பா?” பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே “ப்ளஸ் மூணு” என்றேன். வீட்டில் என் மதிப்பு சட்டென்று உயர்ந்தது. மனைவிகூட அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வேதியியலில் எனக்குத் தெரிந்த ஒரே விடை அதுதான் என்று நான் சொல்லவில்லை.

எண்பதுகளில் ஒரு மார்ச்சில் நானும் இலஞ்சி மந்திரமூர்த்தியும் பி.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்தே தோற்றோம். செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். தென்காசி வீட்டில் அப்பாவின் முகத்துக்கு எதிரே படிக்க முடியாது; ஆகவே சைக்கிளில் குற்றாலம். தோற்றவர்களுக்காகவே சீசன் வருகிறதோ என்னவோ, ஊரெல்லாம் சாரல், குளிக்க வந்தவர்கள் தேய்த்த நல்லெண்ணெய் வாடை. எனக்கு அந்தத் தேர்வு மானப் பிரச்சினை, அவ்வளவுதான். அவன் தகப்பன் இல்லாத பிள்ளை. இம்முறையும் தவறினால் பம்பாயில் மாமா கடைக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. அம்மாவைத் தனியே விட்டுப் போவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பேரருவிக்கு எதிரே வைத்துக் கேட்டான்: “ஏலே, இந்த பிராக்கெட்டுக்கு வெளிய கெடக்கத என்ன செய்ய?”

எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது என்னிடம் இல்லை. இப்போதும் பெரிய முன்னேற்றமில்லை. அருவியைக் காட்டினேன். “உள்ள நின்னு குளிக்கவன மட்டும் எண்ணு. கரையில துண்டோட நிக்கவன எண்ணாத.”

“நம்ம வாத்தியாரும் இருக்காரே, இப்படிச் சொல்லத் தெரியுதா அந்த மனுசனுக்கு?” என்று சிரித்தான். கரையில் யாருமே நிற்காத உதாரணங்களில் என் விதி பிரமாதமாக வேலை செய்தது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு நோட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: கரையில் நிற்பவனையும் எண்ண வேண்டும். உள்ளும் வெளியும் சேர்ந்துதான் பூஜ்யமாகும். அதைச் சொல்ல அவன் ஊர் இலஞ்சிக்கு சைக்கிளை மிதித்தேன். அவன் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டான். “எம்மா, நான் பாஸானா அது இவனாலதான்.” அவன் அம்மா இலை போட்டார்கள். சாப்பிட்டேன். ரசம் நன்றாக இருந்ததாகச் சொன்னேன். திரும்பி வந்துவிட்டேன்.

கேள்வித்தாளில், நேற்று மகள் காட்டிய அதே சேர்மம் வந்திருந்தது. நான் ப்ளஸ் மூன்று எழுதினேன். எனக்கு முன்வரிசையில் அவன் முதுகு குனிந்து, தயக்கமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. சாரல் அடிக்கும் நாட்களில் அந்த முதுகு எனக்கு இன்னும் தெரிகிறது.

நான் தேறினேன். அவன் தேறவில்லை. அந்த ஒரு கேள்விதான் காரணமா என்று தெரியாது. தெரிந்திருந்தால் ஒருவேளை தூங்கியிருப்பேன்.

தென்காசி ஸ்டேஷனில் தகரப்பெட்டியோடு நின்றான். “நான் ப்ளஸ் ஒண்ணுன்னு போட்டேம்லே. எல்லாவனும் மூணுங்கான். நீ சரியாத்தான் சொல்லியிருப்ப, எனக்குத்தான் மண்டையில ஏறல.”

ரயில் நகர இன்னும் நேரம் இருந்தது. “சாப்பாட்டப் பாத்துக்கோ” என்றேன்.

பம்பாயிலிருந்து இரண்டு கடிதம் போட்டான். பிறகு நான் எழுதியது, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதியது, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அவன் அம்மா போய்ச் சேர்ந்து, வீடு கைமாறி, இடித்துக் கட்டியாயிற்று. போன வருஷம் அந்தத் தெருவில் விசாரித்தேன். மாடிப்படியில் நின்ற ஒருவர் இரண்டு படி இறங்கி வந்தார்.

“மந்திரமூர்த்தியா? அப்படி ஒருத்தர் இங்கன இருந்தாரா, அண்ணாச்சி?”