குளிர் அறையில் ஒரு பழைய லேப்டாப்

எங்கள் கூரல்லா ஊரில் யாருடைய லேப்டாப்பைத் திறந்தாலும் கீழ் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். புதிய இயங்குதளம் வந்திருக்கிறது, இப்போதே ஏற்றவா, பிறகு நினைவூட்டவா என்று கேட்கும். ஊரே 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். பள்ளிக்கூடத்திலும் அதேதான், கோதுமைக் கிடங்கிலும் அதேதான், பாதிரியார் வீட்டிலும் அதேதான். கிளாரி ஹாடர் சொன்னால் சொன்னதுதான்.

கிளாரி ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். எங்கள் ஊரில் ரயில் நிற்காமல் போக ஆரம்பித்ததும் அவர் வேலையும் போயிற்று. மனிதருக்குக் கை சும்மா இருக்காது. ஓய்வுபெற்ற ஆண்கள் கூடி நாற்காலி இழைக்கவும், டீ குடிக்கவும், வீட்டுக்காரியின் கண்ணில் படாமல் உட்காரவும் ஊரில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் ஜன்னலோர மேசை கிளாரிக்கு. நகரத்தில் தூக்கிப் போட்ட லேப்டாப் எல்லாம் அங்கே வந்து உயிர் பெறும். அவரிடம் ஒரு சோதனை இருந்தது. லேப்டாப்பின் பொத்தானை அமுக்கிய கையோடு கெட்டிலையும் போட்டுவிடுவார். தண்ணீர் கொதிப்பதற்குள் திரை தயாராகிவிட்டால் பாஸ். இல்லையென்றால், "தூங்கு மூஞ்சி, உனக்கு டீ கிடையாது" என்று லேப்டாப்பைத் திட்டிவிட்டுத் திருப்புளியை எடுப்பார்.

புதிய இயங்குதளத்தின் மேல் அவருக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. முதல் கோபம், அது இந்த லேப்டாப்புகளைப் பார்த்து "நீ எனக்குப் பொருத்தமில்லை" என்று சொன்னது. பெண் பார்க்க வந்தவன் போல வந்து நின்றுகொண்டு இதென்ன பேச்சு? இரண்டாவது கோபம், யாரும் கேட்காமலே அது வானிலை சொன்னது.

"வெளிய தலைய நீட்டினா வெயில் மண்டையப் பொளக்குது. இது வேற வந்து வெயில்னு சொல்லணுமா? அந்த 'இப்போதே' பொத்தான்ல எவனாவது கைய வெச்சீங்க, அப்புறம் ஏங்கிட்ட வராதீங்க!" என்பார்.

யாரும் வைக்கவில்லை. மார்னியும் வைக்கவில்லை.

மார்னி, கிளாரியின் தங்கை மகள். தங்கை இறந்த பிறகு அவளுக்கு இவர்தான் எல்லாம். ஊர் மருத்துவ விடுதியில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, படுக்கை மாற்றிக்கொண்டே தபால் வழியில் நர்ஸ் படிப்புப் படித்தாள். எல்லாம் முடித்தாயிற்று, கடைசிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. விடுதியில் நர்ஸ் இடம் காலியாகக் கிடந்தது. இந்தக் கோடைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் விடுதியை மூடிக் கிழவர்களை நகரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஆகையால் மார்னி தேறுவது அவள் வீட்டு விஷயமாக மட்டும் இல்லை.

பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது, அவள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"மாமா, பரீட்சை புரோகிராம் இதுல தொறக்க மாட்டேங்குது. புது சிஸ்டம் இருந்தாத்தான் தொறக்குமாம்."

"வேற யாரோடதாவது வாங்கிக்கோயேன்."

"பதிவு பண்ணின லேப்டாப்புலதான் எழுதணும். மாத்தறதுக்குக் கெடு முடிஞ்சுபோச்சு. அப்படியே மாத்தினாலும்…" அவள் சுற்றிலும் பார்த்தாள். "இந்த ஊர்ல யார்கிட்ட மாமா புதுசு இருக்கு?"

குத்திக்காட்டவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் கிளாரிக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்காலி இழைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். ஊர் முழுக்க 'பிறகு, பிறகு' என்று அமுக்க வைத்தது யார்?

"வெச்சுட்டுப் போ," என்றார்.

மார்னி போனதும் வேலையை ஆரம்பித்தார். அதிலிருந்த மெதுவான பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, தன் சொந்த லேப்டாப்பிலிருந்த வேகமான டிஸ்கைப் போட்டார். நினைவகத்தையும் அதிலிருந்தே பிடுங்கினார். புதிய இயங்குதளம் வழக்கம்போல "நீ பொருத்தமில்லை" என்று மூக்கைச் சுளித்தது. அதை ஏமாற்றி உள்ளே நுழைக்கிற வழி அவருக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் வீம்புக்குச் செய்யாமல் இருந்தவர்தான். ஏற்றி முடித்ததும் வானிலையை அணைத்தார், செய்தியை அணைத்தார், சும்மா மின்னிக்கொண்டும் வழுக்கிக்கொண்டும் இருந்த அலங்காரத்தையெல்லாம் அணைத்தார். பிறகு பொத்தானையும் கெட்டிலையும் சேர்ந்தாற்போல் போட்டார்.

கெட்டில் முனகத் தொடங்குமுன்பே திரை வந்து நின்றது.

கிளாரி அதை முறைத்துப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கடுப்பாகவும் இருந்தது. திரையில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தாவினார், கோப்புகளைத் திறந்தார், மூடினார். பழையதைவிட ஒரு படி மேலாகவே ஓடியது சனியன்.

ஆனால் மறுநாள் மத்தியானம் மார்னி வந்து பரீட்சை புரோகிராமின் ஒத்திகையைத் திறந்தபோது வினை வந்தது. அது கேமராவைப் போட்டது, மைக்கைப் போட்டது, இணையத்தில் யாரோ ஒரு கண்காணிப்பாளருக்குப் படம் அனுப்பியது. பாவம், அந்தக் கிழட்டு லேப்டாப் எத்தனையைத்தான் தாங்கும்? உள்ளே இருந்த விசிறி ஊளையிட்டது, அடிப்பக்கம் தொடமுடியாமல் கொதித்தது, எழுத்துகள் ஒவ்வொன்றாக நடந்து வந்தன. கடைசியில் டப்பென்று அணைந்துபோயிற்று. விடிகாலையில் முயன்றால் ஒழுங்காக ஓடியது. வெயில் ஏறினால் செத்தது. பரீட்சையோ வெள்ளிக்கிழமை மத்தியானம். மாதா கோயில் கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். எங்கள் ஊர்த் தகரக் கூரைகளுக்குக் கீழே எங்கே போனாலும் அடுப்படிதான்.

வியாழனன்று கிளாரி மதுக்கடையில் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கடைக்காரி பெரில் அவருக்கு எதிரே கிளாஸை வைத்தார்.

"என்னய்யா கிளாரி, கப்பல் கவுந்த மாதிரி?"

"என்னாலதான் பெரில். எல்லாரும் அப்பவே மாத்தியிருந்தா எந்த மெஷின் தாங்கும், எது தாங்காதுன்னு எப்பவோ தெரிஞ்சிருக்கும். புள்ள வேற ஒண்ணப் பதிவு பண்ணியிருப்பா. நான்தான் பெரிய இவன் மாதிரி…"

"அழுதது போதும். அதுக்கு இப்ப என்ன வேணும்? குளுமைதானே?"

"ஆமா."

"இந்த ஊர்ல குளுகுளுன்னு இருக்கறது ஒரே ஒரு எடம். என் பீர் ரூம்."

கிளாரி தலையை நிமிர்த்தினார். கடைக்குப் பின்னால் பீர் பீப்பாய்களை அடுக்கி வைக்கிற இரும்புக் குளிர் அறை. உள்ளே போய்வந்தாலே பல் கிட்டித்துக்கொள்ளும். இரும்புச் சுவரைத் தாண்டி வைஃபை போகாது. ஆனால் பீர்க் குழாய்கள் கடைக்குள் வருகிற துளை வழியாக ஒரு கேபிளை இழுத்துவிடலாம். அவர் கிளாஸைத் தொடாமலே எழுந்து ஓடினார்.

வெள்ளிக்கிழமை அப்படியொரு வெயில். நாய்கள்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குள் படுத்துக் கிடந்தன. மார்னி மாமாவின் பழைய ரயில்வே கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மடக்கு மேசையோடு குளிர் அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. கிளாரி வெளியே தரையில் உட்கார்ந்து கதவில் காதை வைத்தார். கண்காணிப்பாளரின் குரல் லேசாகக் கேட்டது.

"அறையச் சுத்திக் காட்டுங்க மேடம். பின்னால என்ன அது?"

"பீர் பீப்பாய் சார்."

"எல்லாமேவா?"

"எல்லாமே சார். இங்க மட்டுந்தான் லேப்டாப் அணையாம இருக்கும்."

"சரி. பரீட்சை முடியற வரைக்கும் அதத் தொடக்கூடாது. கதவு தொறந்தாலோ, வேற ஆள் குரல் கேட்டாலோ பரீட்சை ரத்து. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

கிளாரி உதட்டில் விரலை வைத்துக்கொண்டே முன்பக்கம் வந்து பெரிலின் காதில் இதைச் சொன்னார். பெரில் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்தா அது நடக்கவேண்டும்! பீர்க் குழாய் புஸ்ஸென்று காற்றுவிட்டது. ஓடிக்கொண்டிருந்த பீப்பாய் காலி. அடுத்ததைப் பூட்ட வேண்டுமென்றால் குளிர் அறைக்குள் போகவேண்டும். பாட்டில்களும் அதே அறையில்தான்.

வாரம் முழுக்க ஆட்டு ரோமம் கத்தரித்தவர்களும், சாலை போட்டவர்களும், புழுதியும் வியர்வையுமாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் டெர்ரி பெங்கெல்லி இருந்தான். குடிப்பதில் மட்டுமில்லை, கத்துவதிலும் அவனை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆளில்லை. வாசலில் நின்றபடியே "பெரிலக்கா!" என்று வாயைத் திறந்தான். கிளாரி பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினார்.

"மார்னி உள்ள பரீட்சை எழுதறா. சத்தம் கேட்டா போச்சு," என்று காதோடு சொன்னார்.

டெர்ரியின் கண் குழாயைப் பார்த்தது, காலிக் கிளாஸைப் பார்த்தது, குளிர் அறைக் கதவைப் பார்த்தது.

"பீரு?" என்று காற்றாகக் கேட்டான்.

கிளாரி இல்லையென்று தலையாட்டினார்.

அவன் போய்விடுவான் என்றுதான் நினைத்தார். சாலை வழியில் அடுத்த ஊர்க் கடை இருக்கிறது, வண்டியும் வாசலில் நிற்கிறது. ஆனால் டெர்ரி பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் அம்மா மார்னி வேலை பார்க்கிற அந்த மருத்துவ விடுதியில்தான் இருக்கிறாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகப் பூட்ஸைக் கழற்றினார்கள். கடை நிறைந்தது. ஒருவர்கூட எழுந்து போகவில்லை. யாரோ தும்மல் வந்து தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெரில் எல்லோருக்கும் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரை ஊற்றினார். அதையும் குடித்தார்கள்.

கிளாரி மறுபடியும் கதவடியில் போய் உட்கார்ந்தார். உள்ளே விசிறி ஊளையிடுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கவில்லை. விசைப்பலகையின் சத்தம் மட்டும் நின்று நின்று வந்தது. ஒரு முறை நெடுநேரம் அதுவும் நின்றுவிட்டது. அணைந்துவிட்டதோ என்று அவர் கதவில் காதை இன்னும் அழுத்தினார். கடவுளே, நான் செய்த முட்டாள்தனத்துக்கு அந்தப் பெண்ணைத் தண்டிக்காதே என்று வாய்விட்டே வேண்டியிருப்பார். வாயைத் திறக்கக்கூடாதே என்று மனசுக்குள் வேண்டினார். பிறகு மார்னி கையை ஊதிக்கொள்வது கேட்டது. விசைகள் மீண்டும் ஓடின.

கதவு திறந்தது. மார்னியின் உதடு நீலம் பாரித்திருந்தது. பற்கள் அடித்துக்கொண்டன.

"கேமரா அணைச்சியா?" என்று கிளாரி கிசுகிசுத்தார்.

"அணைச்சாச்சு மாமா."

"லேப்டாப் எப்படி…"

"ஒரு தடவகூட நிக்கல. தேறிட்டேன் மாமா. திரையிலேயே காட்டிடுச்சு."

கிளாரி அவளைக் கோட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "என்னாலதான் உனக்கு இந்தப் பாடெல்லாம்," என்றார். அவள் அழவில்லை. அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, "விடுங்க மாமா, உங்களாலதான் எழுதவும் முடிஞ்சுது," என்று சிரித்தாள். அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

கடை நிறைய ஆட்கள். எல்லோர் காலிலும் வெறும் சாக்ஸ். ஒருவர் கையிலும் பீர் இல்லை. அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த டெர்ரி பெங்கெல்லி, காய்ந்து வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, பூட்ஸை மடியில் வைத்தபடி, அத்தனை மெல்லிய குரலில் கேட்டான்:

"முடிஞ்சுதா கண்ணு? இப்ப நாங்க பேசலாமா?"

மார்னி அப்போதுதான் அழுதாள்.