ஊசிக்குச் சந்தனம்

ஆயுத பூசையோடு எனக்குப் பகை எதுவும் கிடையாது. அதைச் செய்த மனுஷனோடுதான் பகை. அவர் என் அக்காவின் புருஷன். கண்டியில் அவருடைய எலெக்ட்ரோனிக்ஸ் திருத்தும் கடையில்தான் நான் வேலை பார்த்தேன். கடை அவருடையது, கை என்னுடையது. வாடிக்கையாளர் வந்துவிட்டால் மட்டும் கையும் அவருடையதாகிவிடும்.

சர்க்கிட் போர்டில் துளை போட நாங்கள் பாவிப்பது கார்பைட் ட்ரில். தையல் ஊசிப் பருமன்தான், அதனால் கடையில் அதற்கு ஊசி என்றே பெயர். அப்படியொரு கடினம், ஆனால் வளையவே தெரியாது. கை கொஞ்சம் சாய்ந்தால் பட்டென்று முறியும். ஒன்றோடொன்று உரசினாலே முனை பெயர்ந்துவிடும். கொழும்பிலிருந்து வரவழைத்த ஊசிகளைப் பெட்டியில் அதனதன் குழியில் அளவுவாரியாக நிறுத்தி வைத்திருந்தேன். யாரையும் தொட விடுவதில்லை.

பூசையன்று நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் அத்தான் அவ்வளவையும் பித்தளைத் தட்டில் கொட்டிவிட்டார். குறட்டுக்கும் சுத்தியலுக்கும் செய்வது போலவே தண்ணீர் தெளித்து, சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தாயிற்று.

"பெட்டிக்குள்ள கெடந்தா சாமி பார்வை எப்புடி படும் புள்ள?" என்றார்.

எடுத்து அடுக்கலாம் என்று கை நீட்டினால், பூசையில் வைத்ததை இன்றைக்குத் தொடக்கூடாது என்று தடுத்தார்.

மறுநாள் விஜயதசமி. கடை திறந்ததும் நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர் தன் அம்மாவின் ஒக்சிஜன் மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். போர்டில் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலே எரிந்திருந்தது. கையிலிருந்த புது ரிலேயின் கால்கள் பழைய துளைகளில் பொருந்தவில்லை. இரண்டு செப்புக் கோடுகளுக்கு நடுவே புதிதாகத் துளை போட வேண்டும். கோடு அறுந்தால் போர்ட் குப்பைக்குத்தான்.

"அம்மாவுக்குச் சிலிண்டர் வச்சிட்டு வந்திருக்கேன். அது பொழுது சாயிற வரைக்கும்தாங்க காணும்," என்றார் அவர். கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

ஊசிகளைக் கழுவிப் பார்த்துவிட்டுத் தொடங்குகிறேன் என்றேன். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூசை போட்ட சாமானக் கழுவுறதா? மொத வேலைய நானே தொடக்கி வைக்கிறேன், தள்ளு."

சந்தனம் காய்ந்திருந்த ஊசி ஒன்றைக் கைட்ரில்லில் மாட்டினார். ஸ்டாண்டில் வைத்துச் செய்யுங்கள் என்று கத்தினேன். காதில் விழுந்தால்தானே! சாய்த்துப் பிடித்து அழுத்தினார். ஊசி பட்டென்று முறிந்து, பாதி போர்டிலேயே நின்றுவிட்டது.

"போர்டு ஏற்கெனவே உக்கிப்போச்சுங்க," என்றார் கூசாமல்.

வந்தவரின் முகம் வெளிறிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய். போர்டுக்கு ஒன்னுமில்ல. இவர்தான் ஊசிய முறிச்சாரு," என்றேன். அத்தான் முறைத்தார். நானும் முறைத்தேன்.

தட்டைத் தூக்கி என் மேசைக்குக் கொண்டுபோனேன். ஊசிகளை ஸ்பிரிட்டில் கழுவி, ஒவ்வொன்றாக லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டிய அளவில் முனை பெயராமல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. போர்டில் நீட்டிக்கொண்டிருந்த துண்டைச் சின்னக் குறட்டால் பிடித்து மெல்லத் திருகி எடுத்தேன். செப்புக் கோட்டில் கீறல் விழுந்திருந்தது, அறுபடவில்லை. அடியில் பலகைத் துண்டு ஒன்றை வைத்து, ட்ரில்லை ஸ்டாண்டில் நேராகப் பூட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, அழுத்தாமல் இறக்கினேன். அந்த ஒற்றை ஊசியும் முறிந்தால் அவர் அம்மாவின் கதி என்ன என்று நினைக்கவே பயமாக இருந்தது. துளைகள் சுத்தமாக விழுந்தன. ரிலேயை ஈயத்தால் பற்றவைத்துப் போர்டை மாட்டியதும் மெஷின் இரைந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வேனில் ஏற்றினார்.

மாலையில் அவர் கடைக்குப் போன் பண்ணினார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார். அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாராம்.

"அந்தத் தங்கச்சிக்கிட்ட ஒருக்காக் குடுங்க," என்றார்.

நான் அத்தானுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"அவ வெளிய போயிட்டாங்க. எல்லாம் பூசையோட மகிமை. நம்ம கைராசி அப்புடி," என்றார் அத்தான்.

போனைப் பிடுங்கினேன். "ஐயா, நான் இங்கதான் நிக்கிறேன். மெஷின் மறுபடி பழுதானா இந்தக் கடைக்கு வராதீங்க. நாளையிலருந்து நான் இங்க இல்ல. என் நம்பரச் சொல்றேன், எழுதிக்குங்க."

அத்தான் போனைப் பறிக்க வந்தார். கடைசி இலக்கம் வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.