குறுக்கே கிடந்த குழை

போர் நின்றிருந்த சமாதானக் காலத்தில், பாலைப்பழம் பறிக்கப் போகும் பெண்களோடு முதல் தடவையாக மலை ஏறினேன்.

"பாதைக்குக் குறுக்க இலைக்குழை முறிச்சுப் போட்டிருந்தா அங்கால போகாத பிள்ளை, மிதிவெடி," என்றார் அவர்களில் மூத்தவரான யோகமக்கா. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அபாயப் பலகை இல்லாத இடத்தில் ஏது வெடி என்று நினைத்துக்கொண்டேன்.

பாதை பிரியும் இடத்தில் குறுக்கே கிடந்த குழையைக் காலால் தள்ளிவிட்டுச் சில அடி நடந்தேன். முள் மறித்ததால் திரும்பி, மற்றப் பாதையால் ஏறினேன். பின்னால் வந்த யோகமக்கா, குழை இல்லைத்தானே என்று நம்பி அந்தக் கிட்டப் பாதையில் கால் வைத்தார். வெடித்தது.

ஆஸ்பத்திரியில், ஒரு காலை இழந்து கிடந்தவர் கேட்டார்: "நீ முன்னுக்குப் போனனீ. அதில குழை கிடந்ததே?"

"இல்லையக்கா."

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரிதான்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு, நான் படித்தவள் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை.